வக்கூம் கிளீனர்: சட்டம் எண்ணும் 500 மணி நேரம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் திருத்தும் உரிமைச் சட்டம் 2026 யூலை 31 முதல் நடைமுறைக்கு வரவேண்டும். அதன் பட்டியலில் வக்கூம் கிளீனரும் இருப்பதால் வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "இனிப் பத்து வருடத்துக்குக் கவலையில்லைத்தானே?" கடைக்காரர் அப்படித்தான் சொல்லி விற்கிறாராம். சட்டத்தில் அந்தப் பத்து வருடம் எங்குமே எழுதப்படவில்லை.

எழுதப்பட்டிருப்பது இதுதான். வக்கூம் கிளீனருக்கென 2013இல் வந்த 666ஆம் இலக்க ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குவிதி, மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் ஓட வேண்டும், ஹோஸ் 40,000 தடவை வளைத்து ஆட்டிய பிறகும் பாவிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. மின்சாரச் செலவைக் கணக்கிட அதே விதி ஒரு வீட்டுக்கு வருடத்தில் 50 தடவை, தடவைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்கிறது. 500ஐ 50ஆல் வகுத்தால் பத்து வருடம். ஆனால் கார்ப்பெட் விரித்து, சின்னப் பிள்ளைகளும் உள்ள வீட்டில் தினமும் இருபது நிமிடம் ஓடினால் வருடத்துக்கு 120 மணி நேரம் தாண்டும். அந்த 500 மணி நேரம் நாலு வருடத்தில் முடிந்துவிடும்.

சோதனை நடக்கும் விதம்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. தூசிப் பையைப் பாதி நிரப்பி, பதினாலரை நிமிடம் ஓடவிட்டு, அரை நிமிடம் நிறுத்தி, மறுபடி ஓடவிடுகிறார்கள். பாதி நிரப்புவது நேர்மையான ஏற்பாடு. ஆனால் பையையும் ஃபில்டரையும் உரிய இடைவெளிகளில் மாற்ற வேண்டும் என்றும் அதே பகுதி சொல்கிறது. எத்தனை வீடுகளில் ஃபில்டர் உரிய நேரத்தில் மாறுகிறது?

பெரும்பாலான வீட்டு இயந்திரங்களில் உறிஞ்சும் காற்றே மோட்டாரைக் கடந்து போய் அதைக் குளிர்விக்கிறது. ஃபில்டர் அடைபட்டால் தூசி மட்டும் நிற்பதில்லை, மோட்டாருக்குக் கிடைக்கும் குளிர்ச்சியும் நின்றுபோகிறது. அப்போது சத்தம் கீச்சென்று உயரும். இயந்திரம் கஷ்டப்பட்டு இழுக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிடுகிறோம். நடப்பது நேர் எதிர்: தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் விசிறியின் சுமை குறைந்து, மோட்டார் வேகமெடுத்துச் சூடாகிறது. வெப்பத்தடுப்பு சுவிட்ச் விழும். ஆறியதும் திரும்பப் போடுவோம். இப்படி ஓடும் மோட்டார் ஆய்வுகூடத்தில் எடுத்த 500 மணி நேரத்தை வீட்டில் எடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அதோடு, மோட்டாரையும் ஹோஸையும் தவிர மற்றவை எவ்வளவு காலம் நிற்க வேண்டும் என்று இந்த விதி சொல்லவில்லை. வயர் சுருட்டி, சுவிட்ச், மூடியின் பிளாஸ்டிக் கொக்கி, தரைத்தலை எல்லாம் நிறுவனத்தின் விருப்பம். திருத்தும் உரிமைச் சட்டமும், அந்தந்தப் பொருளுக்கான விதிகள் எந்த அளவுக்குத் திருத்தத்தைக் கோருகின்றனவோ அந்த அளவுக்குத்தான் நிறுவனத்தைக் கட்டுப்படுத்துகிறது. வோஷிங் மெஷினுக்கு உதிரிப்பாகங்களை இத்தனை வருடம் கொடுக்க வேண்டும் என்று விதி உண்டு. 2013 விதியில் வக்கூம் கிளீனருக்கு அப்படி இல்லை. உடைக்காமல் கழற்றுவது எப்படி என்ற தகவலை வெளியிட்டால் போதும்.

பற்றரியில் ஓடுபவை, ரோபோ வகைகள் இரண்டையும் அந்த விதி முதல் பிரிவிலேயே விலக்கிவிட்டது. இன்று கடை வாசலில் அடுக்கியிருப்பவை பெரும்பாலும் இவைதான், இவற்றை வாங்குபவர்கள்தான் புதிய உரிமையை அதிகம் நம்பியும் இருக்கிறார்கள். இவர்களுக்கு உதவக்கூடியது வேறொரு திகதி: 2027 பெப்ரவரி 18 முதல், இத்தகைய சாதனங்களின் பற்றரியைப் பாவனையாளரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். பொறுக்க முடிந்தவர்கள் அதுவரை பொறுக்கலாம் என்பது என் கருத்து.

இப்போதே வாங்க வேண்டுமென்றால் வயர் உள்ள, பை போடும் இயந்திரத்தைப் பாருங்கள். பணம் கொடுக்குமுன் ஹோஸ், ஃபில்டர், தரைத்தலை, வயர் நான்கும் தனியாக விற்கப்படுகின்றனவா, என்ன விலை என்று தேடுங்கள். கிளீனிங் வேலை செய்பவர்களிடம் கேட்டால் இங்கிலாந்தில் சார்ட் என்ற ஊரில் தயாராகும் ஹென்றி என்ற இயந்திரத்தைச் சொல்வார்கள். அதன் வயரைக் கையால் சுற்ற வேண்டும். ஆகவே உடைவதற்கு ஸ்பிரிங் சுருட்டியே இல்லை. நீடித்து உழைக்கும் வடிவமைப்பு இப்படித்தான் இருக்கும்.

இனி மற்றக் கேள்விகள். பிரான்சில் பத்துக்கு இத்தனை என்று போடும் திருத்தப் புள்ளியை நம்பலாமா? 2022 நவம்பர் முதல் பற்றரி வகைகளுக்கும் உண்டு; ஆனால் கணக்கிடுவது நிறுவனமே.

முன்பு வெளியே திருத்திய இயந்திரத்தைத் திருத்த நிறுவனம் மறுக்கலாமா? அந்த ஒரே காரணத்துக்காக மறுக்க முடியாது.

இரண்டு வருட உத்தரவாதத்துக்குள் பழுதானால்? மாற்றித் தரக் கேட்காமல் திருத்தக் கேட்டால் உத்தரவாதம் 12 மாதம் நீளும். யூலை 31க்கு முன் வாங்கியவற்றுக்கு இல்லை.

சுவிஸில், லண்டனில்? இந்தச் சட்டம் பொருந்தாது.

பெட்டியில் A, B எழுத்து இருந்தால்? வெறும் பையோடு சோதித்த முறையை ஏற்காமல் ஐரோப்பிய நீதிமன்றம் 2018 நவம்பரில் ரத்துச் செய்த லேபல் அது.

வாட் கூடினால் ஆயுளும் கூடுமா? இல்லை. அதோடு, 2017 செப்டெம்பரிலிருந்து 900 வாட்டுக்குக் குறைவாகத்தான் இருக்க வேண்டும்.

எரிந்த மணம் வரும் பழைய இயந்திரம்? எறியுமுன் திருத்துநரிடம் மோட்டாரின் காபன் பிரஷைப் பார்க்கச் சொல்லுங்கள்.