11 நிமிடத்தோடு நின்ற கேமரா



டிசம்பர் 31 இரவு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன் அந்த நேரத்தில் நம் சபையின் தாத்தா ஒருவர் கைத்தடியை ஊன்றி எழுந்து முன்னால் வந்தார். ஒரே ஒரு டிரங்குப் பெட்டியோடு லண்டனில் வந்து இறங்கியது, வாடகைக்கு அறை கிடைக்காமல் அலைந்தது, முதல் குளிர்காலத்தில் ஒரே கோட்டை அண்ணனும் தம்பியும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டது என்று சொல்லிக்கொண்டே போனார். பாட்டிமார் கண்ணைத் துடைத்தார்கள். கடைசி வரிசைப் பிள்ளைகள்கூட போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். தாத்தா 20 நிமிடத்துக்கு மேல் பேசினார்.

எங்களிடம் இருப்பது முதல் 11 நிமிடம்தான். கேமராவில் பாதிச் சார்ஜ் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று திரை கறுத்துவிட்டது.

அடுத்த லெந்து நாட்களில் தாத்தா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனைக்கு முந்தின நாள் அவருடைய பேத்தி வந்து, "அக்கா, தாத்தா பேசினது முழுசா இருக்கா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

சபையின் வீடியோக் குழுவில் நாங்கள் ஐந்து பேர். எங்களில் இருவர் செவிலியர்கள். தப்பு எங்கே நடந்தது என்று உட்கார்ந்து யோசித்தோம். விலையை மட்டும் பார்த்து, பெயர் தெரியாத கம்பெனியின் இரண்டு பேட்டரிகளையும் சார்ஜரையும் ஒரே பொதியாக வாங்கியிருந்தோம். கேமராப் பையை மதியம் முதல் காரின் டிக்கியிலேயே வைத்திருந்தோம். லித்தியம் பேட்டரி குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். டிசம்பர் மாத லண்டன் குளிர் அதற்குப் போதும். ஈஸ்டருக்காகக் கேமராவை மறுபடி எடுத்தபோது இன்னொன்றையும் கண்டோம். ஒரு பேட்டரி வயிறு உப்பி, கிரிப்பின் தட்டில் இருந்து வெளியே வர மறுத்தது.

அன்றைக்குத்தான் பயம் வந்தது. நாம் ஆராதிக்கும் ஆலயம் நம்முடையது அல்ல. ஆங்கிலச் சபையார் நம்மை நம்பித் திறவுகோலைத் தந்திருக்கிறார்கள். அந்தப் பேட்டரியை நாங்கள் எத்தனையோ தடவை அங்கே, பாடகர் அங்கிகள் தொங்கும் அறையில் சார்ஜ் செய்திருக்கிறோம்.

அதன்பின் விசாரித்தும் படித்தும் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறோம். சுருக்கம் இதுதான்: கிரிப்பில் மிச்சம் பிடியுங்கள், பேட்டரியிலும் சார்ஜரிலும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

முதலில், கிரிப் தேவையா?

பேட்டரி கிரிப் என்பது கேமராவின் அடியில் திருகிப் பொருத்தும் ஒரு கைப்பிடி. அதில் இரண்டு பேட்டரிகள் வைக்கலாம். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் படம் எடுக்கும்போது விரலுக்கு வாகாக இன்னொரு ஷட்டர் பொத்தானும் இருக்கும். திருமண வீட்டிலும் கேரல் ரவுண்ட்ஸிலும் நின்றும் நடந்தும் படம் எடுப்பவருக்கு இது பெரிய உதவி.

நம்மிடம் இருப்பது கேனன் 80டி. ஒரு பேட்டரியில் ஏறக்குறைய 960 படங்கள் எடுக்கலாம் என்று கம்பெனி சொல்கிறது. ஆகவே ஒரு ஞாயிறு ஆராதனையின் படங்களுக்கு ஒரு நல்ல பேட்டரியே தாராளம். சார்ஜை வேகமாகத் தின்பது வீடியோதான். அதிலும் இந்தக் கேமரா ஒரே பதிவாக 29 நிமிடம் 59 விநாடிக்கு மேல் எடுக்காது. பிறகு மறுபடி பொத்தானை அழுத்த வேண்டும்.

ஆராதனை முழுவதும் கேமரா ஸ்டாண்டிலேயே நிற்கும் என்றால் கிரிப்பைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பேட்டரி வடிவத்திலேயே ஒரு போலிக் கட்டையைச் செருகி, அதன் வயரைச் சுவர் மின்சாரத்தோடு இணைக்கலாம். அப்போது நடுவில் சார்ஜ் தீருமோ என்ற கவலையே இல்லை. வயரைத் தரையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். கைத்தடியோடு வரும் பெரியவர்கள் தடுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று வார்டில் நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

கிரிப்: வேறு கம்பெனி பரவாயில்லை

கிரிப்புக்குள் ரசாயனம் எதுவும் இல்லை. பிளாஸ்டிக் கூடு, செம்பு முனைகள், சில பொத்தான்கள், ஒரு திருகு, அவ்வளவுதான். பழுதானால் கழற்றிவிட்டுப் பேட்டரியை நேரே கேமராவில் போட்டுக்கொள்ளலாம். மைக்கே, நியூவர் போன்ற சீனக் கம்பெனிகளின் கிரிப்கள் ஒரிஜினலைவிட மிகவும் மலிவு.

வாங்குமுன் உங்கள் கேமராவின் எண்ணுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். கேனனின் பிஜி-இ14 மாதிரி 70டி, 80டி, 90டி மூன்றுக்கும் பொருந்தும், மற்றவற்றுக்குப் பொருந்தாது. வந்ததும் பொருத்தி, மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் முனைகள் சரியாகத் தொடாமல் கேமரா நடுவில் அணைந்து அணைந்து எழும்பும். எல்லாப் பொத்தான்களையும் சக்கரத்தையும் சோதியுங்கள். பாடகர் ஒத்திகையில் 200 படம் எடுத்துப் பாருங்கள். இந்த நாட்டில் இணையத்தில் வாங்கிய பொருளை, கையில் கிடைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் மனம் மாறி வேண்டாம் என்று சொல்லலாம். பழுதான பொருள் என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். சோதனையை அதற்குள் முடித்துவிடுங்கள். கேமராவிலிருந்து கழற்றும் பேட்டரி மூடியையும் பத்திரப்படுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. சில கிரிப்களோடு சின்ன ரிமோட் ஒன்று வரும். அதற்குள் காசு போலத் தட்டையான பட்டன் பேட்டரி இருக்கும். அதைக் குழந்தை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால், 2 மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே கடும் புண் உண்டாக்கும். முதலில் அழுகையோ இருமலோ இல்லாமலும் இருக்கலாம். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஏ அண்ட் இ-க்குக் கொண்டுபோங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள். ரிமோட் தேவையில்லை என்றால் அதை வீட்டில் வைக்காமலே இருப்பது நல்லது.

பேட்டரி: பெரிய எண்ணை நம்பாதீர்கள்

1980-இல், நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஆக்ஸ்போர்டில், ஜான் குட்இனஃப் குழுவினர் கண்டுபிடித்த ஒரு பொருள் லித்தியம் அயன் பேட்டரிக்கு வழி திறந்தது. 1991-இல் சோனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2019-இல் குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ மூவருக்கும் இதற்காக வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சிறிய இடத்தில் நிறைய ஆற்றலை அடக்கி வைப்பதே இதன் சிறப்பு. அடக்கம் தவறினால் ஆபத்தும் அதுவே.

80டி-யின் எல்பி-இ6என் பேட்டரிக்குள் இரண்டு செல்கள் வரிசையாக இருக்கின்றன. முழுச் சார்ஜில் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட், இரண்டும் சேர்ந்து 8.4. அதற்கு மேல் ஏற்றினால் உள்ளே வாயு உண்டாகிப் பேட்டரி உப்பும். மேலும் சூடானால் தானாகவே தீப்பிடிக்கும். இதைத் தடுக்க நல்ல பேட்டரிக்குள் ஒரு காவல் சுற்றும் வெப்பத்தை அளக்கும் உணரியும் இருக்கும். மலிவுச் சரக்கில் முதலில் விட்டுவிடுவது வெளியே தெரியாத இந்தக் காவலைத்தான்.

ஏமாற்றைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. எல்பி-இ6என் கொள்ளும் அளவு 1865 மில்லி ஆம்பியர் மணி. 2020-இல் அதே அளவுக் கூட்டுக்குள் கேனன் அடக்க முடிந்தது 2130. அப்படியிருக்க, பெயர் தெரியாத கம்பெனி அதே கூட்டில் 3000 இருப்பதாக அச்சடித்தால், அந்த லேபிளில் வேறு எதைத்தான் நம்புவது?

எங்கள் முடிவு: முடிந்தால் ஒரிஜினல். முடியாவிட்டால் பெயரும் முகவரியும் உத்தரவாதமும் உள்ள கம்பெனி. அயர்லாந்தின் ஹேனல், ஜெர்மனியின் பட்டோனா போன்றவை. எதுவானாலும் தெரிந்த கேமராக் கடையில் வாங்குங்கள். ஒரிஜினல் பெயரிலும் போலிகள் உலவுகின்றன. பேட்டரியோடு தகவல் தொடர்பு சரியில்லை என்று கேமரா எச்சரிக்கை காட்டினால், மீதிச் சார்ஜ் பற்றித் திரை சொல்வதை நம்ப வேண்டாம். அந்த 31-ஆம் தேதி இரவு நாங்கள் நம்பினோம்.

சார்ஜர்: இங்கே விளையாட்டு வேண்டாம்

2023-இல் லண்டனில் மட்டும் இ-பைக்குகளால் 143 தீ விபத்துகள் நடந்ததாக லண்டன் தீயணைப்புப் படை கணக்குச் சொன்னது. இ-பைக் பேட்டரியோடு ஒப்பிட்டால் கேமராப் பேட்டரி மிகச் சின்னதுதான். ஆனால் உள்ளே இருக்கும் ரசாயனத்தின் குடும்பம் ஒன்றே. பொருந்தாத சார்ஜர்களைப் பயன்படுத்தாதீர்கள் என்று தீயணைப்புப் படை திரும்பத் திரும்பச் சொல்வது நமக்கும் பொருந்தும்.

சுவரில் செருகும் சார்ஜர் என்றால் பிளக்கைப் பாருங்கள். பிஎஸ் 1363 என்ற எண் இருக்க வேண்டும். மூன்று முனைகளில் எதுவும் பிளக்கின் ஓரத்திலிருந்து 9.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். பெரிய முனை வழவழவென்று முழு உலோகமாகவோ முழுப் பிளாஸ்டிக்காகவோ இருந்தால் சரி. உலோக முனையில் பாதிக்குக் கறுப்பு உறை போட்டிருந்தால் அதைச் செருகாதீர்கள். யு.எஸ்.பி-யில் ஓடும் இரட்டைச் சார்ஜர் வாங்கினால், உங்கள் போனோடு வந்த நல்ல அடாப்டரோடு இணைக்கலாம். சார்ஜ் ஆகும்போது இளஞ்சூடு இயல்பு. கையில் பிடிக்க முடியாத சூடு இயல்பு அல்ல.

இப்போது எங்கள் வழக்கம்

வார்டில், இதயம் நின்றுபோனவரைக் காப்பாற்றும் கருவி வண்டியை நாங்கள் தினமும் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறோம். பயன்படாத நாட்களிலும் அப்படித்தான். கேமராப் பேட்டரிக்கும் அதே முறையைக் கொண்டுவந்தோம். ஒவ்வொன்றுக்கும் எண்ணும் வாங்கிய மாதமும் எழுதி ஒட்டினோம். ஒரே நாளில் வாங்கிய இரண்டை ஜோடியாகவே கிரிப்பில் போடுகிறோம். சனிக்கிழமை மாலை, விழித்திருக்கும் நேரத்தில், சமையலறை மேடையில் வைத்துச் சார்ஜ் செய்கிறோம். படுக்கையில் அல்ல, வெளியேறும் வாசலில் அல்ல, ஆலயத்தில் அல்லவே அல்ல. குளிர்காலத்தில் உபரிப் பேட்டரி கோட்டின் உள்பையில் வருகிறது. பல வாரம் பயன்படுத்தாமல் வைப்பதென்றால் பாதிச் சார்ஜில் வைக்கிறோம்.

ஊருக்குப் போகிறவர்கள் உபரிப் பேட்டரியைக் கைப்பையில் மட்டும், முனைகளை டேப்பால் மூடிக் கொண்டுபோங்கள். பெட்டியில் போடக் கூடாது. பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். பெரிய கடைகளில் அதற்கென்று பெட்டி இருக்கிறது. உப்பிப்போனதை அந்தப் பெட்டியிலும் போடாமல் கவுன்சிலின் மறுசுழற்சி மையத்தைக் கேளுங்கள். புகை வந்தால் அணைக்கப் போகாதீர்கள். எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, 999 அழையுங்கள்.

கை சுட்டுவிட்டால் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, வெண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். பிறகு கிளிங் ஃபிலிமைப் புண்ணின் மேல் தளர்வாகப் பரப்பி, மருத்துவ உதவிக்குப் போங்கள்.

அடக்க ஆராதனையில் அந்த 11 நிமிடத்தையே திரையில் காட்டினோம். கோட்டுக் கதையின் நடுவில் படம் நின்றது. ஆலயம் அமைதியாக இருந்தது. பின்வரிசையிலிருந்து தாத்தாவின் தம்பி எழுந்து, அந்தக் கோட்டு இன்னும் தன் வீட்டில் தொங்குகிறது என்று சொல்லி, மீதிக் கதையை அவரே சொல்லி முடித்தார். அதை முழுவதும் பதிவு செய்தோம். பத்துக் கன்னிகைகளின் உவமையை ஞாயிறு பள்ளியில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். உபரி எண்ணெய் என்றால் என்னவென்று எங்களுக்கு அன்றுதான் விளங்கியது.

உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டிமாருடைய சாட்சியைப் பதிவு செய்ய விரும்பினால், ஆராதனை முடிந்ததும் எங்களைப் பாருங்கள். டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம். கேமராவோடு வருகிறோம்; ஜோடிப் பேட்டரி கிரிப்பில் இருக்கும், இன்னும் இரண்டு எங்கள் பையில் இருக்கும்.