நாயின் முழங்காலும் நம் பொறுப்பும்

பின்னங்காலைத் தரையில் ஊன்றாது நொண்டும் நாயைக் கண்டால், சுளுக்காக இருக்கும் என்று எண்ணி நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். சில நாட்களில் நொண்டல் குறைவதும் உண்டு. ஆயினும் முழங்காலினுள் இருக்கும் குறுக்குத் தசைநார், அதாவது பேச்சு வழக்கில் மூட்டு ஜவ்வு, முற்றும் அறுந்திருப்பின் தானாகக் கூடுவதில்லை. மூட்டு நிலைகுலைந்து உராய்வதால் நாளடைவில் வாதம் பற்றிக்கொள்ளும்.

மனிதர்க்கு இந்நார் பெரும்பாலும் விளையாட்டில் ஒரு நொடியில் அறுகிறது. நாய்க்கு அவ்வாறன்று. பல மாதங்களாக நைந்து வந்த நார் ஒரு சிறு குதிப்பில் அற்றுவிடுகிறது. லாப்ரடார், ராட்வைலர் போன்ற பெரிய இனங்களுக்கும், உடல் பருத்த நாய்களுக்கும் இத்துன்பம் மிகுதி. ஒரு காலில் நார் அறுந்த நாய்களுள் சுமார் பாதிக்குப் பின்னர் மறுகாலிலும் அறுகிறது.

1952ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மருத்துவர் பாட்சமா, தொடைத் தசையின் உறையிலிருந்து நாடா போல் ஒரு துண்டை எடுத்து, அறுந்த நாருக்குப் பதிலாகச் செலுத்தும் முறையை விவரித்தார். பின்னர் வேறொரு வழி தோன்றிற்று. நாயின் கீழ்க்கால் எலும்பின் மேற்பரப்பு பின்புறமாகச் சுமார் 25 டிகிரி சாய்ந்திருக்கிறது. சரிவான இருப்புப் பாதையில் நிற்கும் ரயில் பெட்டிக்குப் பிரேக் எத்தகையதோ, தொடை எலும்புக்கு இந்நார் அத்தகையது. அமெரிக்க மருத்துவர் பார்க்லே ஸ்லோகம், பிரேக்கைப் புதுப்பிப்பதை விடுத்துப் பாதையையே சமமாக்கினார். எலும்பின் மேற்பகுதியை வளைவாக அறுத்துச் சுழற்றி, சாய்வை ஏறக்குறைய 5 டிகிரியாகக் குறைத்து, உலோகத் தகட்டாலும் திருகுகளாலும் பொருத்தும் அவரது முறை 1993இல் வெளியாயிற்று. சிறு நாய்களுக்கு மூட்டின் வெளிப்புறத்தில் உறுதியான நைலான் இழையால் கட்டுவதும் வழக்கம்.

எலும்பை அறுத்துப் பொருத்தினால் அது கூட எட்டு வாரங்களுக்குக் குறையாமல் ஆகும். நாயோ மூன்றாம் வாரத்திலேயே வலி மறந்து ஓட முற்படும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஒரு தாவலில் திருகு தளரலாம்; எலும்பும் முறியலாம். ஆகவே, எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் அனுமதிக்கும் வரை மாடிப்படியும் சோபாவும் கூடா. வழவழப்பான தரையில் பாய் விரிக்க வேண்டும். வாரில் பிடித்து, முதலில் ஐந்து நிமிடம், பின்னர் சிறிது சிறிதாகக் கூட்டி, மெதுவாக நடத்த வேண்டும். மருத்துவர் காட்டிய வண்ணம் காலை மடக்கி நீட்டுதலும், வசதியுள்ள இடங்களில் நீரில் நடக்கவைத்தலும் தசைக்கு வலுவூட்டும். உணவை அளந்து இட்டு எடையைக் குறைத்தல் மறுகாலையும் காக்கும். நாம் உட்கொள்ளும் வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுத்தல் ஆகாது. ஐபுபுரூபன் அதற்கு நஞ்சாகும்.

சொந்த ஊரிலாயின் பாட்டியோ அத்தையோ வீட்டிலிருந்து கவனிப்பர். இங்கு கணவன் மனைவி இருவரும் பணிக்குச் செல்லும் குடும்பங்களே பல. ஆதலின், அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன்பே, பகல் வேளைகளில் நாயைப் பார்த்துக்கொள்பவர் யார், மூன்றாம் மாடியிலிருந்து அதைத் தூக்கி இறக்குபவர் யார் என்பதை முடிவு செய்துகொள்ளுதல் நலம். மருத்துவரின் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். வீட்டாரின் வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது.