திரையின் எண்ணும் உடலின் இரத்த ஓட்டமும்

ஆடிக் கிருத்திகையன்று விரதமிருந்து, காவடி சுமந்து, திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறுவோருக்கு வியர்வையால் நீர்ச்சத்துக் குறையும். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் ஆகியவற்றிலும் இதுவே நிகழ்கிறது. அப்போது இதயம் விரைந்து துடித்தும், இரத்தக் குழாய்கள் சுருங்கியும் இரத்த அழுத்தத்தைச் சிறிது நேரம் தாங்கிப் பிடிக்கும். ஆகவே, கருவி 110/70 எனக் காட்டினாலும், உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் செல்கிறது என்று உறுதிகூற இயலாது.

இதனாலேயே செவிலியர் திரையைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. கைகால்கள் குளிர்ந்துள்ளனவா எனத் தொட்டுப் பார்க்கின்றனர். விரல் நுனியை 5 விநாடி அழுத்தி விடுகின்றனர்; 2 முதல் 3 விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். சிறுநீரை அளக்கின்றனர், 60 கிலோ எடையுள்ளவருக்கு அது பொதுவாக மணிக்கு 30 மி.லி.க்குக் குறையலாகாது.

உடனிருப்போர் செய்யத்தக்கவை:

• சிறுநீரைக் கேளாமல் கொட்டிவிடாதீர்கள்.

• அழுத்தம் அளக்கும்போது நோயாளி பேசாமலும் கையை அசைக்காமலும் இருக்கட்டும்.

• எழுப்பும்போது முதலில் கட்டிலில் சில நிமிடம் அமரச் செய்யுங்கள். நின்ற 3 நிமிடத்திற்குள் மேல் அழுத்தம் 20 குறைந்தால் தலைசுற்றி விழ நேரிடும்.

• அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

இறுதியாக ஒன்று. காலையில் தெளிவாகப் பேசியவர் மாலையில் அழைத்தும் சரிவரக் கண் திறவாவிடில், ‘அசதியில் உறங்குகிறார்’ என்று விட்டுவிடாதீர்கள். மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைந்ததன் அடையாளமாகவும் அது இருக்கலாம். அவருடைய இயல்பை எங்களினும் நன்கு அறிந்தவர் நீங்களே. உடனே செவிலியரை அழையுங்கள்.