மண்ணில் பிறந்த பயிர் மருந்து

காலபோகத்தின் முதல் மழை முருங்கன் வயல்களில் விழும்போது எழும் மண்வாசனையைக் கமக்காரர் யாவரும் அறிவர். அவ்வாசனையைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஸ்ரெப்ரோமைசிஸ் என்னும் பற்றீரியா இனமாகும். காசநோய்க்குரிய ஸ்ரெப்ரோமைசின் 1943ஆம் ஆண்டில் இவ்வினத்திலிருந்தே பெறப்பட்டது. பயிர்ப் பங்கசுகளைக் கொல்லும் மருந்தொன்றும் இவ்வினத்திலிருந்து நமது அயல்நாட்டிற் கிடைத்துள்ளது.

இந்தியாவில் புனே நகருக்கு அண்மையிலுள்ள பிம்பிரியில், ஹிந்துஸ்தான் அன்ரிபயோற்றிக்ஸ் நிறுவனத்தில், திருமலாச்சார் என்னும் பங்கசியல் அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் 1964ஆம் ஆண்டில் ஓரியோபங்கின் என்னும் மருந்தை அறிவித்தனர். இத்தகைய மருந்தைத் தேடும் முறை எளிதாய்த் தோன்றும். ஆயினும் மிகுந்த பொறுமை வேண்டும். சிறிதளவு மண்ணைக் கிருமியற்ற நீரிற் கரைத்து, மேன்மேலும் ஐதாக்கி, ஏகார்க் கூழின்மேல் ஒரு துளி பரப்புவர். சில நாட்களில் மாப்பூசியது போன்ற வட்டங்கள் முளைக்கும். ஒவ்வொன்றையும் தனியே பிரித்து, நோய்ப் பங்கசின் அருகே வளர்ப்பர். பங்கசு நெருங்காது வெற்றிடம் விட்டு நின்றால், அப்பற்றீரியா ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கின்றது என்பது தெளிவு.

அந்நஞ்சு புதியதா, முன்னரே அறியப்பட்டதா என்பதே அடுத்த வினா. இங்குதான் பெரும்பாலான முயற்சிகள் முடிந்துவிடும். மீண்டும் மீண்டும் கிடைப்பவை பழையனவே. ஆதலின் பற்றீரியாவைப் பெருமளவில் திரவத்தில் வளர்த்து, மருந்தைக் கரைப்பானாற் பிரித்துத் தூய்மையாக்கி, அதன் இயல்பை ஆராய்வர். ஓரியோபங்கின் மஞ்சள் நிறத் தூள். புறவூதா ஒளியை அது உறிஞ்சும் விதத்திலிருந்து, அதன் மூலக்கூற்றில் அடுத்தடுத்து ஏழு இரட்டைப் பிணைப்புகள் உள்ளமை புலனாயிற்று. 1950ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட நிஸ்ரற்றின் மருந்தில் அவ்வாறு தொடர்ந்திருப்பவை நான்கே.

இவ்வகை மருந்து பங்கசின் கலமென்சவ்விலுள்ள ஏகொஸ்திரோல் என்னும் கொழுப்பைப் பற்றிச் சவ்வைச் சிதைக்கின்றது. பற்றீரியாவின் சவ்வில் அப்பொருள் இல்லை. எனவே பங்கசுக்குரிய மருந்து பற்றீரியா நோயைத் தீர்க்காது. இதை அறியாமல் பணத்தை விரயஞ்செய்வோர் பலர். நெல்லிலையில் நடுவே சாம்பல் நிறமும் ஓரத்தில் கபில நிறமுங் கொண்ட கண்வடிவப் புள்ளிகள் தோன்றினால் அது எரிபந்தம்; பங்கசினால் வருவது. யூரியா மிகுந்த வயலில் அது விரைந்து பரவும். நுனியிலிருந்து ஓரம் வழியே அலையலையாய் மஞ்சளித்துக் காய்ந்தால் அது பற்றீரியா நோயாக இருக்கலாம்.

தக்காளி, கத்தரிச் செடி பச்சையாயிருக்கும்போதே வாடினால், தண்டின் அடியை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையிற் பிடித்துப் பார்க்க. சில நிமிடங்களிற் பால்போன்ற இழை வடியுமாயின் அது பற்றீரியா வாடல். அச்செடியை வேரோடு அகற்றி எரித்துவிடுக. அவ்விடத்தில் மிளகாய் உட்பட அக்குடும்பப் பயிர்களை நடுதல் கூடாது.

மனிதருக்குரிய மருந்துக் குளிசைகளைக் கரைத்துப் பயிருக்குத் தெளிப்பதும் தவறாகும். யப்பானில் எரிபந்தத்துக்கென 1965இல் அறிவிக்கப்பட்ட கசுகாமைசினைத் தொடர்ந்து தெளித்தமையால், 1970களில் அதற்கு அடங்காத பங்கசு வயல்களிற் தோன்றியது. நோய் இன்னதென ஐயமிருப்பின், மருந்து வாங்குமுன் நோயுற்ற இலையை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக.