கடல் கடந்த முதலாளி

மேலூருக்கு அருகே என் இல்லத்தில் அமர்ந்தவாறே, இலண்டன் வணிகர்களுக்கு நான் எழுத்தராகப் பணிபுரிகிறேன். கடிதங்களுக்கு விடை எழுதுதல், கணக்குப் பதிதல், சந்திப்பு நேரம் குறித்தல் ஆகியன என் வேலைகள். யாவும் கணினி வழியே நிகழ்கின்றன. குளிர்காலத்தில் அங்கே காலை 9 மணி எனில், இங்கே பிற்பகல் 2.30. ஆகவே ஊர் உறங்கிய பின்னரும் என் விளக்கு எரியும்.

சுதந்திரமான தொழில் என்பர். மெய்தான், ஆயினும் விடுப்புக்கு ஊதியமில்லை, சேமநிதியில் பங்கு செலுத்தும் முதலாளியும் இல்லை. மின்சாரமும் கணினியும் என் செலவே. முன்பு ஒரே வணிகரை நம்பியிருந்தேன். அவர் இரண்டு மாத ஊதியம் தராமலே மௌனமானார். கையில் ஒப்பந்தம் இல்லை. வீட்டில் அரிசியும் இல்லை.

அப்போது எங்கள் உழவரை நினைத்தேன். 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், வைகையில் கலந்து, கால்வாய் வழியே மேலூர்ப் பகுதிக்கு வருகிறது. கடைமடை உழவர் பலர் அதை மட்டுமே நம்புவதில்லை. கிணறும் வெட்டி வைப்பர். இன்று எனக்கு மூன்று வணிகர்கள், எழுத்தில் ஒப்பந்தம், பாதி ஊதியம் முன்பணம். அஞ்சலகத்தில், 15 ஆண்டுகளில் முதிரும் பொது வருங்கால வைப்பு நிதியில் சிறுதொகை சேர்க்கிறேன்.

இத்தொழிலை நாடுவோர் மொழியறிவோடு, கிணறு வெட்டவும் கற்றுக்கொள்வீர்களாக!