கடைக்கு வராத இசைத்தட்டு

ஒரு பொருளைச் சந்தை நிராகரித்துவிட்டது என்று தீர்ப்பெழுதும் முன், அது சந்தைக்கு வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். பொருளியல் மாணவர்களுக்கு இதை விளக்க, அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1971இல் தோன்றி நான்கே ஆண்டுகளில் கலைந்த ‘பிக் ஸ்டார்’ இசைக்குழுவின் கதையைச் சொல்வேன்.

குழுவினர் நால்வர்: அலெக்ஸ் சில்டன், கிறிஸ் பெல், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீபன்ஸ். சில்டன் 16 வயதில் வேறொரு குழுவில் பாடிய பாடல் 1967இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றிருந்தது. பீட்டில்ஸ் பாணியின் இனிய மெட்டும் கூட்டுக் குரலும் மின்கிதாரின் அதிர்வோடு இணையும் ‘பவர் பாப்’ இவர்களது இசை. நீண்ட கிதார் ஆலாபனைகள் கோலோச்சிய காலத்தில் இவர்கள் சிறிய, செறிவான பாடல்களை இயற்றினார்கள்.

முதல் இசைத்தட்டு 1972இல் வெளியானது. விமர்சகர்கள் மனமாரப் பாராட்டினர். விற்றதோ பத்தாயிரத்துக்கும் குறைவு. விநியோகப் பொறுப்பு ஸ்டாக்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. கறுப்பின மக்களின் சோல் இசையில் கொடிகட்டிப் பறந்த அந்நிறுவனத்துக்கு ராக் இசைக்கான கடைகளில் அதே செல்வாக்கு இல்லை. பத்திரிகையில் படித்துவிட்டுக் கடைக்குச் சென்றவர்கள் வெறுங்கையோடு திரும்பினர். மளிகை அங்காடித் தொடர் ஒன்றின் பெயரைச் சூட்டிக்கொண்ட குழுவுக்குக் கடை அலமாரியில் இடமில்லை!

ஸ்டாக்ஸ் பின்னர் விநியோகத்தைக் கொலம்பியா நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அந்த உடன்பாட்டைச் செய்த கொலம்பியா தலைவர் கிளைவ் டேவிஸ் 1973இல் நீக்கப்பட, இரு நிறுவனங்களும் முரண்பட்டன. 1974இல் வந்த ‘ரேடியோ சிட்டி’ அந்த மோதலில் சிக்கிச் சுமார் இருபதாயிரம் பிரதிகளோடு நின்றது. 1975 இறுதியில் ஸ்டாக்ஸே நொடித்துப்போனது. மூன்றாவது தொகுப்பு பதிவாகி நான்காண்டுகள் கழித்தே வெளிவந்தது.

அன்றைய ரசனையே வேறாக இருந்தது என்பாரும் உண்டு. இருக்கலாம். ஆனால், வாங்க வழியில்லாத பொருளின் தேவையை எந்த விற்பனைக் கணக்கும் காட்டாது. பிற்காலத்தில் ஆர்.இ.எம்., ரீப்ளேஸ்மென்ட்ஸ் போன்ற குழுக்கள் இவர்களைத் தம் முன்னோடிகளாகக் கொண்டாடின. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2003இல் வெளியிட்ட தலைசிறந்த 500 இசைத்தொகுப்புகளின் பட்டியலில் இவர்களின் மூன்றுமே இடம்பெற்றன.

இப்புகழ் எல்லோருக்கும் உரிய காலத்தில் எட்டவில்லை. முதல் தொகுப்பின் தோல்வியால் மனமுடைந்து விலகிய கிறிஸ் பெல், 1978 டிசம்பரில் கார் விபத்தில் இறந்தபோது வயது 27. அவர் தனித்துப் பதிவு செய்த பாடல்கள் முழுத் தொகுப்பாகக் கடைக்கு வந்தது 1992இல்.