சுருட்டி வைத்த கேபிளால் ஆபத்தா?

கம்ப்யூட்டருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். இன்டர்நெட் கேபிள் பாம்பு போலச் சுருண்டு கிடக்கும். "இப்படிச் சுருட்டி வைத்தால் மின்சாரம் ஏறி, கம்ப்யூட்டர் எரிந்து விடாதா?" என்று பலர் பயப்படுகிறார்கள்.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டா? பார்ப்போம்.

இரும்பை உருக்கும் சுருள்

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் ஆலைகள் இருக்கின்றன. அங்குள்ள மின்சார உலைக்கு விறகும் வேண்டாம், கரியும் வேண்டாம். உலையைச் சுற்றிச் செம்புக் குழாய் சுருள் சுருளாக இருக்கும். அதில் மின்சாரம் திசை மாறி மாறிப் பாயும். உள்ளே கிடக்கும் பழைய இரும்பு பழுத்து, உருகி, குழம்பாகி விடும்!

1831-ம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டுபிடித்த உண்மைதான் இதற்கு அடிப்படை.

கேபிளும் சுருள்தானே?

சுருள்தான். ஆனால் அதில் பாய்வது சொற்ப மின்சாரம். செய்தி கொண்டு போகும் மின்சாரம் இரண்டு டார்ச் செல்களின் அளவைக்கூடத் தாண்டாது.

இன்னொரு காரணமும் உண்டு. கேபிளுக்குள் 8 மெல்லிய கம்பிகள் இருக்கின்றன. அவை இரண்டிரண்டாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒன்றில் போகும் மின்சாரம் மற்றொன்றில் திரும்பி வருகிறது. ஒன்றின் காந்த சக்தியை மற்றொன்று அழித்து விடுகிறது. டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல், 1881-ம் ஆண்டிலேயே இந்த முறைக்கு உரிமை பெற்றார்.

ஆகவே, இந்தக் கேபிளைச் சுருட்டி வைத்தால் கம்ப்யூட்டர் எரியாது. பயம் வேண்டாம்!

எதில் ஆபத்து?

மின்சார ஒயரைச் சுருட்டி வைப்பதில்தான் உண்மையான ஆபத்து. வெல்டிங் மெஷின், ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் ஆகியவை அதிக மின்சாரம் இழுக்கும். சுருண்டு கிடக்கும் ஒயரில் சூடு வெளியேற வழி இல்லை. மேலுறை உருகும், தீப்பிடிக்கும். அத்தகைய ஒயரை முழுவதும் பிரித்துப் போட்ட பிறகே சுவிட்சைப் போட வேண்டும்.

கேமராவுக்கு இன்டர்நெட் கேபிள் வழியாகவே சுமார் 50 வோல்ட் மின்சாரம் கொடுப்பது உண்டு. அத்தகைய கேபிள்கள் பலவற்றை ஒரே கட்டாக இறுக்கிக் கட்டக் கூடாது. சூடு சேரும்.

மின்னல் ஜாக்கிரதை!

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி மின்னலுடன் மழை கொட்டும். வெட்டவெளியில் போகும் செம்புக் கேபிள் வழியாக மின்னலின் சக்தி உள்ளே பாயலாம். சுருட்டினாலும் நீட்டினாலும் இந்த ஆபத்து ஒன்றுதான். இடி இடிக்கும் முன்பே கேபிளைக் கழற்றி விடுவது நல்லது. ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்துக்குக் கண்ணாடி இழைக் கேபிள் போடுவது மேலும் நல்லது. கண்ணாடியில் மின்சாரம் பாயாது.

கேபிளைச் சுருட்டும்போது கயிறு போல மடித்து இறுக்காதீர்கள். உள்ளே கம்பி முறிந்தால் இன்டர்நெட் தடைப்படும். வளையல் அளவுக்கு வட்டமாகச் சுருட்டினால் போதும்.